வரையாட்டுப் புழுக்கையில் ஒரு பிஎச்.டி.

கேள்வி: எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறேன். இரண்டாவது முயற்சியில் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (பிஎச்.டி.க்கான உதவித்தொகை) கிடைத்துவிட்டது. அழியும் நிலையில் இருக்கும் காட்டுயிர்களின் மரபணுவை ஆராய்கிற துறையில் பிஎச்.டி. செய்து, பிறகு பேராசிரியர் ஆக ஆசை. அப்பா அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆறு வருஷம் படிச்சு யானை லத்தியைத்தான் ஆராயணுமா? நெட் இருக்கு, பேசாம காலேஜ் வேலைக்குப் போ" என்கிறார். எனக்கோ கணக்கு வராது. காட்டை முதுமலைச் சுற்றுலா வண்டியில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். வெளிமாநிலத்தில் ஒரு பெரிய நிறுவனம், ஊருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று இரண்டு இடங்களில் பேசியிருக்கிறேன். சேரலாமா? எங்கே சேர்வது? முடித்தபின் வேலை கிடைக்குமா?
(கும்பகோணம் பக்கத்து வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

உங்கள் அப்பாவின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் இருப்பதிலேயே அதுதான் நேரடியான கேள்வி. யானை லத்தியைத்தான் ஆராயணுமா? ஆமாம். லத்தி, புலி எச்சம், வரையாட்டுப் புழுக்கை, உதிர்ந்த இறகு, மரத்தில் உரசி ஒட்டிய முடி. என் 22 வருஷ வேலையில் பெரும்பகுதி இவற்றோடுதான் போயிருக்கிறது. மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "காலேஜ்ல டீச்சர்" என்பதோடு என் மாமியார் பேச்சை மாற்றிவிடுவார்.

லத்தி வெளியே வரும்போது, குடலின் உள்சுவரில் உரிந்த செல்களையும் மேலே பூசிக்கொண்டு வருகிறது. அந்த மேற்பூச்சில் யானையின் டிஎன்ஏ இருக்கிறது. மயக்க ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், நாம் வந்துபோனதே யானைக்குத் தெரியாது. டி.என்.சி. வித்யாவும் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் தென்னிந்திய யானைகளின் மரபணுவை ஆராய்ந்து 2005-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நீலகிரிப் பக்கத்து யானைகளும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறு வேறு. நாம் ரயிலில் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போகிற அந்தக் கணவாய், யானைகளுக்குச் சுவர். 2024-ல் வெளியான, யானையின் டிஎன்ஏ முழுவதையும் படிக்கிற பெரிய மரபணுத்தொகுதி ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பாலக்காட்டுக்கு வடக்கே ஒன்று, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று என்று தென்னாட்டிலேயே மூன்று கூட்டம். வடக்கில் இருந்து தெற்கே வர வர, ஒரு கூட்டத்துக்குள் யானைக்கு யானை இருக்கும் மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே வருகிறது.

சரி, இதனால் யாருக்கு என்ன? அரிக்கொம்பனை உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பத்துக்குள் நுழைந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறு பக்கம் விட்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த யானை செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, லாரியில் ஏறி, இன்னொரு கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். வேறுபாடு குறைந்துபோன ஒரு சின்னக் கூட்டத்துக்கு வெளியூர் ஆண் யானை ஒன்று வந்தால் நல்லதாகவே முடியலாம். ஊருக்குள் யானை நிற்கும்போது இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமும் இருந்திருக்காது. ஆனால் அடுத்த யானையைப் பிடிக்கும்போது "எந்தக் காட்டில் விடலாம்?" என்று ஒரு வனத்துறை அதிகாரி போன் போட்டுக் கேட்டால், பதில் சொல்ல ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆளாகத்தான் நீங்கள் படிக்கப்போகிறீர்கள்.

ஒடிசாவின் சிமிலிபாலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே சில புலிகளுக்குக் கறுப்புக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து, புலியே கறுப்பாகத் தெரிகிறது. உமா ராமகிருஷ்ணனின் பெங்களூரு குழு 2021-ல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது. மற்ற காடுகளில் தேடினால் கிடைக்காத அந்த மாற்றம், சிமிலிபாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட புலிகளைக் கறுப்பாக்கியிருக்கிறது. வெளியில் இருந்து புலி வராமல், உள்ளேயே சொந்தத்துக்குள் சொந்தமாகக் கூடிக்கூடி வந்த விளைவு. சுற்றுலாப் பயணிக்கு அது அதிசயம், நமக்கு அபாய மணி. 2024 கடைசியில் மகாராஷ்டிராவின் தடோபாவில் இருந்து யமுனா, ஜீனத் என்று இரண்டு பெண் புலிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஜீனத் என்ன செய்தது தெரியுமா? புது வீடு பிடிக்காமல் ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்காளம் வரை நடந்தது. பாங்குரா மாவட்டத்தில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரபணு அறிக்கையில் "வெளியில் இருந்து பெண் புலி தேவை" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூங்காமல் அலைகிறார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், நெட் பாஸ் பண்ணியவருக்கு இந்த அளவுக்குக் கணக்கு வரும். ஒரு காட்டில் 100 யானைகள் என்று வையுங்கள், எல்லாமே இனப்பெருக்க வயது. அதில் 95 பெண், 5 ஆண். பெரியாறு போன்ற இடங்களில் தந்தத்துக்காகக் கொன்று கொன்று ஆண் யானைகள் அருகிப்போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 4 × 5 × 95 = 1,900. அதை 100-ஆல் வகுத்தால் 19. கணக்கெடுப்பில் 100 யானை, மரபணுக் கணக்கில் 19 யானை. ஒவ்வொரு தலைமுறையிலும் இழக்கிற வேறுபாடு, இந்த எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால் வருவது: 1/38, சுமார் 2.6 சதவீதம். ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாக இருந்திருந்தால் 1/200, அதாவது 0.5 சதவீதம்தான். நம் துறையின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதைக் கணினி செய்யும், ஆனால் அதனிடம் கேட்கத் தெரிய வேண்டும். ஆர் என்ற இலவச மென்பொருளையும் லினக்ஸ் கட்டளைகளையும் இந்த மாதமே பழக ஆரம்பியுங்கள். சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் மூன்றாம் வருஷத்தில் ஜூனியர் பையன் பின்னால் டேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

காடு தெரியாது என்பது குறையே இல்லை. காடு தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் முதன்முதலில் நீலகிரியின் முக்குருத்திக்கு வரையாட்டுப் புழுக்கை சேகரிக்கப் போனபோது, புல்வெளியில் கண்ணில் பட்டதையெல்லாம் குழாயில் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்த வேட்டைத்தடுப்புக் காவலர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு குச்சியால் இரண்டு புழுக்கைகளைப் புரட்டிக் காட்டினார். ஒன்று மங்கலாக, ஓரத்தில் வெடித்திருந்தது. மற்றொன்றின் மேல் வார்னிஷ் பூசியது மாதிரி ஒரு மினுமினுப்பு. "இது காலைல போட்டது மேடம். அது மழைக்கு முன்னாடி." அந்த மினுமினுப்புதான் நான் சொன்ன மேற்பூச்சு. வெயிலும் மழையும் பட்டால் முதலில் போவது அதுதான். நான் பத்து கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதை அவர் குச்சி முனையில் வைத்திருந்தார். அன்று கையில் இருந்த குழாய்களில் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. காட்டில் இருப்பது வருஷத்துக்கு 30, 40 நாள். மீதி நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சம், பைப்பெட், டிஎன்ஏவைப் பெருக்குகிற பிசிஆர் மெஷின், கணினித் திரை. அந்த 30 நாளுக்கும் முன்னால் அனுமதி வாங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற காட்டுக்குள் போய் லத்தி எடுப்பதற்கும் காகிதம் தேவை. மாதக்கணக்கில் ஆகும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது என்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அது நம் சென்னையில்தான் இருக்கிறது, அது ஒரு ஆறுதல்.

பேராசிரியர் ஆக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் ஆராய்ச்சியைக் கேட்பார்கள், வகுப்பைக் கேட்கமாட்டார்கள். யுஜிசி விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இது சுமை என்று என் சக ஆசிரியர்கள் பலர் புலம்புவார்கள், நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் என் ஆராய்ச்சி வாழ்க்கையின் மோசமான தவறு ஒன்று வகுப்பில்தான் பிடிபட்டது. அதைச் சொல்கிறேன்.

சின்னக் கூட்டத்தில் மரபணு எப்படித் தற்செயலாகவே தொலைந்துபோகிறது என்று காட்ட, எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ஒரு துணிப்பையில் 20 புளியங்கொட்டை, 20 வேப்பங்கொட்டை போட்டுக் கொடுப்பேன். பார்க்காமல் பத்து எடுக்க வேண்டும். எடுத்ததில் உள்ள விகிதத்தில் மறுபடி 40 நிரப்ப வேண்டும். மறுபடி பத்து. சுற்று ஏற ஏற, கடைசியில் ஏதோ ஒன்று காணாமல் போய்விடும். எந்தக் குழுவில் எது போகும் என்று சொல்ல முடியாது, அதுதான் பாடம். அந்த வருஷம் ஆறு குழு. ஆறிலுமே போனது வேப்பங்கொட்டை. நான், "பாருங்க, தற்செயல்!" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "மேடம், வேப்பங்கொட்டை சின்னது. விரல் இடுக்குல நழுவிடுது. புளியங்கொட்டைதான் கையில மாட்டுது. இது தற்செயல் இல்லையே?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் சிரிப்பு நின்றது. அப்போது ஒரு விலங்குக் கூட்டத்தில் மரபணு வேறுபாடு பயங்கரமாகக் குறைந்துவிட்டது என்று ஒரு கட்டுரை எழுதி முடித்து, அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். எச்சத்தில் கிடைக்கிற டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்தது. அப்பாவிடம் இருந்து ஒரு வடிவம், அம்மாவிடம் இருந்து ஒரு வடிவம் என்று இரண்டு இருக்கும்போது, பிசிஆரில் சில சமயம் ஒன்று மட்டும் பெருகும், மற்றது நழுவிவிடும். பெரும்பாலும் நழுவுவது நீளமான வடிவம். உடனே அந்த விலங்குக்கு இரண்டு பக்கமும் ஒரே வடிவம்தான் என்று கணக்கில் ஏறிவிடும். நல்லபடியாக இருக்கும் கூட்டம்கூட சொந்தத்துக்குள் கூடிச் சீரழிந்த கூட்டம் மாதிரி தெரியும். இதற்காகத்தான் ஒவ்வொரு மாதிரியையும் பல தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கும் விதி தெரியும். ப்ராஜெக்ட் பணம் தீர்ந்துகொண்டு வந்ததால் இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தேன். மறுபடி ஓட்டியதில் "பயங்கரமாக" என்ற சொல்லையும் கட்டுரையின் தலைப்பையும் எடுக்கவேண்டி வந்தது. ஒன்பது மாதம் தாமதம். அந்தக் கட்டுரை அப்படியே போயிருந்தால், அதை நம்பி யாராவது ஒரு விலங்கை லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

அதனால் இந்தத் துறைக்கு என்ன தகுதி வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டு ஆசையையும் சொல்வதில்லை, கணக்கையும் சொல்வதில்லை. தன் ரிசல்ட்டின் மேல் தானே சந்தேகப்படுகிற பொறுமை உங்களுக்கு உண்டா? டிஎன்ஏவே போடாத நெகட்டிவ் கண்ட்ரோல் குழாயில் ஒரு கோடு தெரிந்தால், டிஎன்ஏவைக் கோடுகளாகக் காட்டுகிற ஜெல் படத்தின் அந்த ஓரத்தை வெட்டிவிடாமல், அந்த வாரத்து வேலை முழுவதையும் குப்பையில் போட மனசு வருமா? வரும் என்றால் சேருங்கள்.

பணம். ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000. இரண்டு வருஷம் கழித்து அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருஷம் வரும். நம் துறையில் பிஎச்.டி. ஐந்தில் முடிவது அபூர்வம், அப்பா சொன்ன ஆறுதான் சரியான கணக்கு. அந்த ஆறாவது வருஷத்துக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உதவித்தொகை மாதம் தவறாமல் வரும் என்றும் நம்பி இருக்காதீர்கள். என் காலத்தில் ஒரு தடவை ஏழு மாதம் வரவில்லை, மெஸ் பாக்கியை என் அண்ணன் கட்டினார்.

வேலை விஷயத்தில் இனிப்புத் தடவ மாட்டேன். பல்கலைக்கழகப் பணியிடங்கள் அரிது, அறிவிப்பு வந்தாலும் வழக்கில் நிற்கும். ஐசர் என்கிற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்கள், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், அதோடு இணைந்துவிட்ட ஆனைகட்டி சலீம் அலி மையம், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் (இசட்எஸ்ஐ), அழியும் உயிரினங்களுக்கான ஹைதராபாத் ஆய்வகமான லேகோன்ஸ் என்று கதவுகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் முன்னாலும் நீளமான வரிசை. நிறையப் பேர் யோசிக்காத இரண்டு கதவுகளைச் சொல்கிறேன். ஒன்று, தடயவியல். பிடிபட்ட கறி மானா மாடா, தோல் எந்த விலங்குடையது என்று டிஎன்ஏவில் சொல்வதற்கு வனத்துறைக்கு ஆள் தேவைப்படுகிறது. வண்டலூரில் உள்ள வனத்துறையின் உயர் ஆய்வு நிறுவனத்திலேயே இந்த வேலை நடக்கிறது. இன்னொன்று, நாட்டு மாடுகள். காங்கேயம், பர்கூர், புலிக்குளம், உம்பளாச்சேரி எல்லாவற்றுக்கும் நான் மேலே யானைக்குப் போட்ட அதே ஆண்–பெண் கணக்குதான். புலிக்குப் படித்தவர் மாட்டுக்கு வேலை செய்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கையில் நெட் இருப்பதால், கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போடும் தகுதி பிஎச்.டி. நடுவிலும் உங்களோடு இருக்கும். அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், அவர் பாதி சமாதானம் ஆவார்.

கடைசியாக, எங்கே சேர்வது? பெரிய நிறுவனத்தில் மெஷின் இருக்கும், பணம் இருக்கும், பக்கத்து மேஜையில் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். சின்னப் பல்கலைக்கழகத்தில் பிசிஆருக்கு வேண்டிய ப்ரைமர் ஆர்டர் போட்டால் வந்து சேர்வதற்குள் பொங்கல் வந்துவிடும், ஆனால் பாடம் எடுக்கப் பழகலாம். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் நான் பெரிய இடத்தையே சொல்வேன். ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருப்பதில்லை, கைடு என்று ஒருவர் இருக்கிறாரே. எந்த விலங்கு என்று பார்த்துச் சேராதீர்கள், யாரிடம் என்று பார்த்துச் சேருங்கள். "சார், இது தப்பா வந்திருக்கு" என்று ஒரு மாணவி சொன்னால் அவர் முகம் எப்படி மாறும்? இதை இன்டர்வியூவில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு இடத்துக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். கைடு இல்லாத நேரமாகப் பார்த்து, நாலாம் வருஷம், ஐந்தாம் வருஷம் படிக்கிறவர்களோடு டீ குடியுங்கள். சொதப்பிய ஜெல் படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் எடுத்துக் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள். அவர்களுக்கு முன்னால் முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெயர் சொல்லிச் சொன்னால் நல்லது. மழுப்பினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாதிரிக் குழாய்களுக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டு போட்டு, அதில் இடம், தேதி, எண் பென்சிலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே மார்க்கரில் மட்டும் எழுதினால், மாதிரி கெடாமல் இருக்க ஊற்றுகிற எத்தனால் ஒரு சொட்டு சிந்தினாலும் மை கரைந்துவிடும். பென்சில் கரையாது. பென்சிலில் இருந்தால், அந்த லேபில் யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒரு வருஷத்துச் சேகரிப்பைத் தொலைத்துவிட்டு அழுதிருக்கிறார், அதை அடுத்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.